கல்லூரி விழா நடத்தப் போகிறீர்களா?

மூன்று வருடம் எங்கள் துறை மன்ற விழாவை ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மேடை அலங்காரம் அப்புறம், முதலில் அனுமதிக் கடிதம். துறைத்தலைவர் வழியாக முதல்வரின் கையெழுத்து வாங்குங்கள். அரங்கம், நேரம், வெளியாட்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். நகல் ஒன்றை வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுங்கள். ஒருமுறை அதை மறந்து, சிறப்பு விருந்தினரை அரை மணி நேரம் வாசலில் வெயிலில் நிற்க வைத்தோம்.

ஒலிபெருக்கி விஷயத்தில் விளையாடாதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் மைக் கூடாது. நிகழ்ச்சியை ஒன்பதரைக்கே முடிப்பதாகத் திட்டமிடுங்கள். நன்றியுரை எப்படியும் நீளும்.

தண்ணீருக்கு பிளாஸ்டிக் கப் வேண்டாம், தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கேனும் எவர்சில்வர் டம்ளரும் போதும்.

பணம் ஒருவரிடம், கணக்கு நோட்டு இன்னொருவரிடம். உயிர் நண்பர்கள் என்றாலும் அப்படித்தான். பூக்காரம்மா பில் தர மாட்டார். அந்த மாதிரிச் செலவை அன்று இரவே எழுதிவிடுங்கள்.

கடைசி நாற்காலி வண்டியில் ஏறும்வரை பொறுப்பாளர் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. எண்ணி ஏற்றுங்கள். 200-இல் மூன்று குறைந்தால் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.