விஎம்ல (தூரத்துல இருக்கற விர்ச்சுவல் சர்வர்) இருந்து ஃபைல் இறங்க மாட்டேங்குதா? இப்படிப் பாருங்க

முதல்ல சும்மா எஸ்எஸ்ஹெச்ல (சர்வருக்குள்ள பாதுகாப்பா நுழையற வழி) லாகின் ஆகுதான்னு பாருங்க, அதுவே டைம் அவுட் ஆச்சுன்னா ஃபைல்ல பிரச்சனை இல்ல, ஃபயர்வால்ல எஸ்எஸ்ஹெச்சோட போர்ட் 22 மூடியிருக்கலாம், இல்லன்னா சர்வரோட ஐபி அட்ரஸ் மாறியிருக்கலாம். பெர்மிஷன் டினைடு வந்தா லாகினுக்கு குடுக்கற கீ ஃபைலோட பெர்மிஷன 600 (நீங்க மட்டும் படிக்க, எழுத முடியற மாதிரி) ஆக்கிப் பாருங்க.

லாகின் ஆகுது, ஆனா காப்பி மட்டும் ஆகலயா? இது நிறைய பேர் கவனிக்காத இடம்: சர்வர்ல பாஷ்ஆர்சி ஃபைல்ல (கனெக்ட் ஆகும்போது தானா ஓடற செட்டிங் ஃபைல்) ஏதாவது எக்கோ லைன் (எழுத்த திரையில காட்டற கமாண்ட்) இருந்தா அந்த எழுத்தெல்லாம் டேட்டாவோட கலந்து எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்ஹெச் வழியா ஃபைல் அனுப்பற முறை) குழம்பிடும், அத எடுத்துட்டாலே போதும். எனக்கு இதுல ஒரு நாள் முழுக்க போச்சு.

பெரிய ஃபைல் பாதில அறுந்துபோனா எஸ்சிபி (ஃபைல் காப்பி பண்ற கமாண்ட்) திரும்ப முதல்ல இருந்துதான் ஆரம்பிக்கும், அதனால அதுக்கு பதிலா ஆர்சிங்க் கமாண்ட் போட்டு கூடவே மைனஸ் கேப்பிடல் பி (-P) குடுங்க, வந்த வரைக்கும் அப்படியே இருக்கும், அடுத்த தடவ மிச்சம் மட்டும் வரும். குட்டி குட்டியா ஆயிரக்கணக்குல ஃபைல் இருந்தா முதல்ல டார் கமாண்டால ஒண்ணா கட்டி ஒரே ஃபைலா எடுங்க, ரொம்ப சீக்கிரம் முடியும்.

உங்க டிஸ்க்ல இடம் இருக்கான்னும் பாத்துக்கோங்க. இறங்கினதும் ரெண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ256 செக்சம் (ஃபைல் மாறாம வந்துச்சான்னு காட்டற கோட்) ஒண்ணா இருக்கான்னு பாக்காம சர்வர்ல இருக்கறத தயவுசெஞ்சு அழிச்சிடாதீங்க.