பிரஷ் கட்டரை நிறுத்தி வைக்கும் முன்

கோவை சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கம் வீட்டுத் தோட்டங்களைப் பராமரித்துக் கொடுக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் வெட்டி மாளாது. மாசி தாண்டி வெயில் ஏறினால் புல் வெட்டும் மெஷினான பிரஷ் கட்டர் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். அப்படி நிறுத்தும்போது டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றின் ஈரத்தை இழுக்கும். நாள்பட்ட பெட்ரோல், இன்ஜினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரில் பிசின் மாதிரி படிந்து, நுண்துளைகளை அடைத்துவிடும். எனக்கு ஒருமுறை மழை தொடங்கிய முதல் வேலைநாளே இப்படிப் போனது. கூலிக்கு வந்த இரண்டு பேரும் மதியம் வரை உட்கார்ந்திருந்தார்கள்.

டேங்கைக் காலி செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தானாக அணையும் வரை ஓடட்டும். அவ்வளவுதான்.

அப்புறம், டூ ஸ்ட்ரோக் மெஷினுக்குப் பெட்ரோலில் ஆயில் கலப்பதைக் கண்ணளவில் செய்யாதீர்கள். 50:1 (50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில்) என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40 மில்லி. உங்கள் மெஷினுக்கு எது என்று கையேட்டில் இருக்கும். மருந்துக்கடை சிரிஞ்ச் ஒன்று போதும், துல்லியமாக அளக்கலாம். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், செலவு பெரிது. ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்துகொள்ளுங்கள்.