சம்மதித்துப் பிரிகிறீர்கள், பிள்ளை இருக்கிறது: வக்கீல் இல்லாமல் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம், ரெண்டு பேருக்கும் சம்மதம்தான். வக்கீல் வைக்காமலே முடிச்சுக்கலாமா?”

குடும்ப நல வழக்குகள் நடத்துகிற என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. முடித்துக்கொள்ளலாம் என்பதுதான் நேர்மையான பதில். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் பிரிவு 13, வக்கீல் வைத்துக்கொள்வதை ஓர் உரிமையாகக் கேட்க முடியாது என்றே சொல்கிறது. கணவனும் மனைவியும் நேரில் வந்து பேச வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் எண்ணம். வக்கீல்கள் வக்காலத்து போட்டு ஆஜராவது நடைமுறையில் வந்த பழக்கம்.

ஆனால் நான் அடுத்து ஒன்று கேட்பேன்: “பிள்ளைங்க இருக்காங்களா?” இருந்தால் என் பதில் கொஞ்சம் மாறும். விவாகரத்துத் தீர்ப்பு வாங்க வக்கீல் இல்லாமல் போகலாம். பிள்ளையைப் பற்றிய பத்திகளை மட்டும் உங்களுக்கென்று ஒரு வக்கீல் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டு மனுவில் கையெழுத்துப் போடுவது இருவர். அந்த மனுவால் அன்றாட வாழ்க்கையே மாறிப்போகும் மூன்றாவது ஆளான பிள்ளைக்கு அதில் கையெழுத்துப் போட இடமே இல்லை.

இங்கே சொல்வது பெரும்பாலும், இருவர் சம்மதத்தோடு விவாகரத்து தரும் இந்து திருமணச் சட்டம் பிரிவு 13பி-யை வைத்து. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பிரிவு 28, ஏறக்குறைய இதே வழி. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் சட்டம் வேறு. ஆனால் பிள்ளை விஷயத்தில் நடக்கிற தவறுகள் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பத்திரத்தில் எழுதிக்கொண்டு பிரிவது

பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, முத்திரைப் பத்திரத்தில் எழுதி, நோட்டரி முத்திரை வைத்து, “அத்து விட்டாச்சு” என்று அனுப்பிவிடுகிறார்கள். இதை நம்பி மறுமணம் செய்தவர்களும் உண்டு. அந்தப் பத்திரத்தால் திருமணம் முறியாது. சாதி வழக்கப்படி தீர்த்துக்கொள்வதை இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 29 ஏற்கிறதே என்று சிலர் சொல்வார்கள். ஏற்கிறது, ஆனால் அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அது லேசான வேலை இல்லை. பிள்ளை யாரிடம் இருக்கும் என்று அந்தப் பத்திரத்தில் எழுதியிருந்தாலும், நாளை ஒருவர் மீறினால் அதை நிறைவேற்றித் தரச்சொல்ல கையில் கோர்ட் உத்தரவு இருக்காது.

பிரிந்த தேதியை மாற்றி எழுதுவது

மனு போடும் நாளுக்கு முன் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். நாலு மாதம்தான் ஆகிறது என்றால், “ஒரு வருஷம்னு போட்டுக்கலாம், யாரு கேக்கப்போறா” என்று யோசனை சொல்ல யாராவது இருப்பார்கள். அது நீங்கள் சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம். பிள்ளையின் பள்ளி விண்ணப்பத்திலும் வாடகை ஒப்பந்தத்திலும் இருவரும் ஒரே முகவரியைக் கொடுத்திருப்பீர்கள். பிற்பாடு ஒரு தகராறு வந்தால் அந்தக் காகிதங்களே பேசும். அதே சமயம், பிரிந்து வாழ்வது என்றால் தனித்தனி வீடு என்று பொருள் இல்லை. பிள்ளைக்காக ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிவுதான் என்று 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உண்மை அதுதான் என்றால் உண்மையையே எழுதுங்கள்.

பிள்ளையை ஒரே வரியில் முடித்துவிடுவது

நான் பார்த்ததில் அதிகக் கண்ணீர் வந்தது இந்த இடத்தில்தான். மனுவின் ஏழாவது பத்தியோ எட்டாவது பத்தியோ, இப்படி இருக்கும்: “மைனர் குழந்தை தாயின் பொறுப்பில் இருக்கும். தந்தை விரும்பும்போது வந்து பார்த்துக்கொள்ளலாம்.” கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! எழுதும் நாளில் இருவருக்கும் நல்ல மனசு. கோர்ட் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிக் கையெழுத்துப் போட்ட ஒரு ஜோடி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்து மாதம் கழித்துப் பிள்ளையின் பிறந்தநாளன்று கேக் பெட்டியோடு அந்த அப்பா கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே அம்மா, நாளைக்குப் பரீட்சை என்றார். இருவர் கையிலும் அதே தீர்ப்பின் நகல். ‘விரும்பும்போது’ என்ற சொல்லை அவர் காட்டினார், ‘தாயின் பொறுப்பில்’ என்பதை இவர் காட்டினார். இருவரும் சொன்னதில் தப்பே இல்லை. தப்பு அந்த வரியில் இருந்தது.

எதை எதை எழுத வேண்டும்? எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எங்கே வந்து கூட்டிப்போவது, திரும்பக் கொண்டுவந்து விடுவது யார், இரவு தங்கலாமா. காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளை எப்படிப் பிரிப்பது. ‘கோடை விடுமுறையில் பாதி’ என்று எழுதினால் எந்தப் பாதி என்று ஏப்ரலில் சண்டை வரும்; தேதி போட்டு எழுதுங்கள். தீபாவளி ஒற்றைப்படை ஆண்டில் அம்மாவிடம், இரட்டைப்படை ஆண்டில் அப்பாவிடம் என்று எழுதிக்கொண்ட ஒரு குடும்பம் இதுவரை அதற்காக என்னிடம் திரும்பி வரவில்லை. ஊர்த் திருவிழாவையும் மறக்காதீர்கள். தாத்தா பாட்டிக்கு அது பொங்கலைவிடப் பெரிய நாளாக இருக்கலாம். வாரத்தில் எந்த நாள் வீடியோ கால் என்பதையும் சேருங்கள். நேரில் பார்ப்பதோடு போனில் பேசும் தொடர்பும் பிள்ளைக்கு வேண்டும் என்பதை 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது.

அடுத்து, கையெழுத்து. பிள்ளை யாரிடம் வளர்கிறது என்பது ஒன்று, சட்டப்படி காப்பாளர் யார் என்பது வேறு. இந்துக்களின் மைனர் பிள்ளைகளுக்குக் காப்பாளர் யார் என்று சொல்லும் 1956ஆம் ஆண்டுச் சட்டம் இயற்கைக் காப்பாளராக முதலில் தந்தையை, அவருக்குப் பிறகு தாயைச் சொல்கிறது. ‘பிறகு’ என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் கொள்ள வேண்டியதில்லை, அவர் பொறுப்பில் இல்லாத நிலையும் அதில் அடங்கும் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது. இருந்தாலும் பாஸ்போர்ட் அலுவலகக் கவுன்டரில் அந்த விளக்கத்தை நீங்கள் எடுத்துரைத்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே மற்றவரின் சம்மதத்தையோ கோர்ட் உத்தரவையோ கேட்பார்கள். பாஸ்போர்ட், பள்ளியில் டிசி வாங்குவது, அவசர அறுவைச் சிகிச்சை, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு யார் தனியாகக் கையெழுத்துப் போடலாம், எதற்கு இருவரும் சேர்ந்து போட வேண்டும் என்று இப்போதே எழுதிவிடுங்கள். ஊர் மாறுவதாக இருந்தால் எத்தனை நாள் முன்னால் மற்றவருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும்.

எல்லாவற்றையும் இன்றைக்கே கணித்துவிட முடியாது. மூன்று வயதில் எழுதியது பதின்மூன்று வயதுக்குப் பொருந்தாது. அதற்கு இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 26 வழி விட்டிருக்கிறது. தீர்ப்புக்குப் பிறகும் பிள்ளை சம்பந்தமான உத்தரவை மாற்றக் கேட்கலாம். 1973இல் ரோசி ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. “கையெழுத்துப் போட்டாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம்.

“எனக்கு எதுவும் வேண்டாம், பிள்ளையைக் கொடுத்தால் போதும்”

இப்படிச் சொல்லும் அம்மாக்களின் மனசு எனக்குப் புரிகிறது. சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்ற களைப்பு அது. உங்களுக்கான ஜீவனாம்சத்தை விடுவது உங்கள் முடிவு. பிள்ளைக்கு வர வேண்டியதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை, அது பிள்ளையின் பணம். ‘தந்தை எந்தத் தொகையும் தர வேண்டியதில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், பிள்ளை சார்பில் பின்னால் கேட்பதை அது தடுக்காது. ஜீவனாம்சம் கேட்க வழி செய்த, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 125தான் 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144 ஆகியிருக்கிறது. அந்த வழி பிள்ளைக்குத் திறந்தே இருக்கிறது. அப்பாக்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்: அந்த வரியை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

தொகை எழுதும்போதும் அவசரம் வேண்டாம். நாலு வயதுப் பிள்ளைக்கு மாதம் 8,000 ரூபாய் என்று மட்டும் எழுதினால், 18 வயதிலும் அதே 8,000தான். ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் அந்த வயதில் அது ஏறக்குறைய 15,800 ஆகியிருக்கும். பள்ளிக் கட்டணம், வேன், மருத்துவச் செலவு இதற்குள் அடக்கமா, தனியா என்றும் சொல்லுங்கள். ‘18 வயது வரை’ என்ற சொல்லில் நான் எப்போதும் பேனாவை நிறுத்திவிடுவேன். பிளஸ் டூ முடிந்து கல்லூரிக்குப் பணம் கட்டும் ஆண்டில் வருமானம் நின்றுபோக வேண்டுமா? ‘பட்டப்படிப்பு முடியும் வரை’ என்று இருவரும் ஒப்புக்கொண்டு எழுதத் தடையில்லை.

மொத்தமாக ஒரு தொகை வாங்குகிறவர்கள், மனைவிக்கு இவ்வளவு, பிள்ளைக்கு இவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். பத்து லட்சம் என்று ஒன்றாகப் போட்டுவிட்டால், நாளை கல்லூரிச் செலவு கேட்கும்போது “அதான் அன்னிக்கே கொடுத்தாச்சே” என்ற பதில்தான் வரும். பிள்ளையின் பங்கைப் பிள்ளை பெயரில் வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டு, கோர்ட் அனுமதி இல்லாமல் இடையில் எடுக்கக் கூடாது என்றும் எழுதச் சொல்வேன்.

முதல் கையெழுத்தோடு முடிந்தது என்று நினைப்பது

மனு போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள், இருவரும் மறுபடி வந்து சம்மதத்தைச் சொல்ல வேண்டும். அதுவரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். சுரேஷ்டா தேவி வழக்குத் தீர்ப்பு இதையும் சொல்கிறது. அதனால் முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். பாதி இப்போது, மீதி இரண்டாம் முறை நீதிபதி முன்னால் டிடி-யாக என்று வைத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கு வழி திறந்தது. ஆனால் அதற்கு, பிரிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி பலன் தராமல் போயிருக்க வேண்டும். ஜீவனாம்சமும் பிள்ளையின் பொறுப்பும் உண்மையிலேயே பேசி முடிவாகியிருக்கிறதா என்றும் கோர்ட் பார்க்கும். அந்த ஒரு வரிப் பத்தி இங்கேயும் காலை வாரிவிடும்.

வரதட்சணைக் கொடுமைப் புகார் நிலுவையில் இருந்தால், விவாகரத்தோடு அது தானாகக் காலாவதி ஆகாது. உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு ரத்து செய்ய வேண்டும். இது வக்கீல் இல்லாமல் செய்யும் வேலை இல்லை. கூட்டாக வாங்கிய வீட்டுக் கடன் இருந்தாலும் அப்படியே: ‘இனி கணவர் கட்டுவார்’ என்று நீங்கள் எழுதிக்கொண்டது வங்கியைக் கட்டுப்படுத்தாது.

ஒரே வக்கீல், இருவருக்கும் பொது என்று நம்புவது

கூட்டு மனுவை ஒரு வக்கீல் எழுதித் தருவதில் தவறு இல்லை. அவரை யார் கூட்டிவந்தது, பணம் யார் கொடுத்தது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனுவின் நகலை வாங்கி ஓர் இரவு வீட்டில் வைத்துப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்து உங்களுக்குப் புரியவில்லை என்றால், தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டின் மாவட்ட அளவிலான நீதிமன்றங்களில் தமிழிலேயே தாக்கல் செய்யலாம். அடித்தால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே சம்மதம் சொல்கிற வீடு என்றால், அங்கே ‘இருவருக்கும் சம்மதம்’ என்ற பேச்சே பொருந்தாது. உங்களுக்கென்று தனி வக்கீல் கட்டாயம் வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது கல்யாணப் பத்திரிகை, பதிவுச் சான்று இருந்தால் அதுவும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இருவரின் ஆதார், இந்த ஆண்டு பள்ளிக்குக் கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். முக்கியமாக, நீங்கள் இருவரும் பேசி வைத்ததை உங்கள் கையாலேயே ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். பிள்ளை திங்கள் முதல் ஞாயிறு வரை எங்கே தூங்கும் என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும்.