எந்த ஸ்பைடர்மேன் கதை முதலிடம்? நண்பரோடு உட்கார்ந்து பட்டியல் போடும் முறை

காமிக்ஸ் படிக்கிற இரண்டு பேர் சந்தித்தால் எப்படியும் "எது பெஸ்ட்" என்ற பேச்சு வந்துவிடும், பாதி நேரம் அது யார் குரல் உசத்தி என்பதில்தான் போய் முடியும். நானும் என் நண்பனும் பல வருடம் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒருநாள் கதைகளைக் கையில் வைத்துக்கொண்டு முறையாக உட்கார்ந்தோம், பேச்சே வேறு மாதிரி ஆனது. அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பரப்பைச் சுருக்குங்கள். "எல்லா சூப்பர்ஹீரோ கதைகளும்" என்று ஆரம்பித்தால் ஒருவர் படித்ததை மற்றவர் படித்திருக்கமாட்டார். ஒரே நாயகன், ஐந்து கதை, ஐந்தையும் இருவரும் இந்த மாதத்துக்குள் மறுபடி படித்திருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஏனென்றால் பதினைந்து வயதில் படித்த கதையை நினைவிலிருந்து பேசும்போது நாம் பேசுவது அந்தக் கதையைப் பற்றி அல்ல, அன்றைக்கு நமக்கு இருந்த மனநிலையைப் பற்றி. நாங்கள் எடுத்த ஐந்து இவை: 1962-இல் 'அமேசிங் ஃபேன்டஸி' 15-ஆவது இதழில் வந்த ஸ்பைடர்மேனின் முதல் கதை, 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 31 முதல் 33 வரை, அதாவது வில்லன் டாக்டர் ஆக்டோபஸின் நீரடிக் கூடத்தில் பீட்டர் (முகமூடிக்குள் இருக்கும் ஸ்பைடர்மேன்) இயந்திரத்துக்கு அடியில் மாட்டிக்கொள்வது, 1973-இல் பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி இறக்கும், அதே தொடரின் 121, 122, 1984-இல் அதே தொடரின் 248-ஆவது இதழில் பின்பக்கச் சிறுகதையாக வந்த, ஸ்பைடர்மேன் செய்திகளைச் சேகரிக்கும் சிறுவனின் கதை, வேட்டைக்கார வில்லன் க்ரேவனைப் பற்றி 1987-இல் வந்த 'க்ரேவனின் கடைசி வேட்டை'.

எதை ஒரு கதை என்று எண்ணுவது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். க்ரேவன் கதை ஆறு பாகம், அதுவும் மூன்று வெவ்வேறு ஸ்பைடர்மேன் தொடர்களில் மாறி மாறி வந்தது. ஆனாலும் அது ஒரே கதைதான். 121-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று நண்பன் சொன்னான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. 122-இன் கடைசிப் பக்கத்தில் பீட்டர் போகச் சொல்லிக் கத்தியும் அவன் தோழி மேரி ஜேன் வெளியே போகாமல் கதவைச் சாத்திவிட்டு அறைக்குள்ளேயே நிற்கிறாள். அந்தக் கதவு இல்லாமல் அந்த மரணக் கதை பாதிதான்.

அடுத்தது கேள்வி. பெரும்பாலான சண்டைக்குக் காரணம் இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பது. எது முக்கியமான கதை, எது நன்றாகச் செய்யப்பட்ட கதை, எது எனக்கு நெருக்கமான கதை: இவை மூன்றும் தனித்தனி. முக்கியம் என்று பார்த்தால் 1962 கதையை யாரும் அசைக்க முடியாது, வெறும் 11 பக்கத்தில் அவ்வளவையும் ஊன்றிவிட்டார்கள். நெருக்கம் என்று பார்த்தால் என்னைப் பொறுத்தவரை சிறுவன் கதைதான், ஸ்பைடர்மேன் முகமூடியைக் கழற்றித் தன் பெயரைச் சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் சிறுவன் இருக்கும் இடம் எந்த மாதிரி மருத்துவமனை என்று நமக்குத் தெரியும். ஒரு உட்காரலுக்கு ஒரு கேள்விதான், அதைத் தாளின் மேலே எழுதி வையுங்கள்.

பத்துக்கு எவ்வளவு என்று மார்க் போடாதீர்கள். எல்லாமே எட்டரை, ஒன்பது என்று வந்து நிற்கும். இரண்டு இரண்டாக மோதவிடுங்கள்: இந்த இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எது? ஐந்து கதைக்குப் பத்து மோதல்தான், ஒரு மாலையில் முடிந்துவிடும். பத்துக் கதை எடுத்தால் 45 ஆகிவிடும், அதனால்தான் ஐந்து போதும் என்கிறேன். ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாக எழுதி முடித்துவிட்டு அப்புறம் காட்டுங்கள், இல்லையென்றால் முதலில் வாய் திறப்பவர் பக்கம் மற்றவர் சாய்ந்துவிடுவார்.

தாள்களை மாற்றிக்கொண்டதும் எந்தக் கதைக்கு இடைவெளி அதிகமோ அங்கே ஆரம்பியுங்கள். எங்களுக்கு அது க்வென் கதை, நான் இரண்டாவதாக வைத்திருந்தேன், அவன் ஐந்தாவது. அவள் சாகிறாள் என்ற அதிர்ச்சியைத் தவிர அதில் ஒன்றும் இல்லை என்றான். இங்கேதான் எங்களுடைய ஒரே விதி உதவியது: புத்தகத்தைத் திறந்து பேனலை, அதாவது அந்தப் படக்கட்டத்தை, காட்டாமல் எதையும் சொல்லக்கூடாது. திறந்தோம். பாலத்திலிருந்து விழுகிறவளை ஸ்பைடர்மேனின் வலை காலில் பிடிக்கிறது, கழுத்துக்குப் பக்கத்தில் சின்னதாக 'ஸ்னாப்' என்று ஒரு சத்தம். அந்த உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடுவதற்கு முன்பே செத்திருப்பாள் என்று வில்லன் க்ரீன் காப்ளின் சொல்கிறான். ஆனால் 125-ஆவது இதழின் வாசகர் கடிதப் பகுதியில், வலை திடீரென்று நிறுத்திய உலுக்கல்தான் அவளைக் கொன்றது என்று பதிப்பாளர்களே பதில் சொன்னார்கள். காப்பாற்றப் போட்ட வலையே கொன்றது, அது அவனுக்குத் தெரியுமா தெரியாதா என்று கதை அந்தப் பக்கத்தில் சொல்லவில்லை. இதைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசினோம். நண்பன் அதை மூன்றாவது இடத்துக்கு ஏற்றினான்.

படத்தையும் கதையாகவே எண்ணுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் வசனத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்கிற பழக்கம் நம்மில் நிறைய பேருக்கு இருக்கிறது. ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் நிறுவனத்தில் அந்தக் காலத்தில் ஓவியர்தான் முதலில் கதையைப் பக்கம் பக்கமாக வரைந்து முடிப்பார், வசனம் அதற்குப் பிறகு வரும். 31–33 வந்த சமயத்தில் கதையமைப்புக்கான பெயரே ஓவியர் ஸ்டீவ் டிட்கோவுக்குத்தான் போடப்பட்டது, வசனம் எழுத்தாளர் ஸ்டான் லீ. 33-இல் பீட்டர் அந்த எடையைத் தூக்கும் இடத்தில் வார்த்தைகளைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள். சின்னச் சின்ன பேனல்களில் குனிந்து நசுங்கிக் கிடப்பவன், தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது, பேனல்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, கடைசியில் அவன் நிமிரும்போது பக்கம் முழுவதும் அவன்தான். எல்லாம் மே அத்தைக்கு மருந்து கொண்டுபோக வேண்டும் என்பதற்காக. என் பட்டியலில் அது முதலிடம், இன்றுவரை மாறவில்லை.

கடைசியாக ஒன்று. இரண்டு பட்டியலையும் கூட்டிப் பொதுப் பட்டியல் ஒன்று செய்யாதீர்கள், யாருக்குமே பிடிக்காத ஒரு நடுத்தரமான வரிசைதான் கிடைக்கும். இரண்டு தாளையும் தேதி போட்டு அப்படியே வைத்துக்கொண்டு, அடுத்த முறைக்கு ஆளுக்கு ஒரு புதுக் கதை கொண்டு வாருங்கள். மற்றவர் அதைப் படித்திருக்கவில்லை என்றால் முடிவைச் சொல்லிவிடாமல் புத்தகத்தைக் கையில் கொடுங்கள். க்ரேவன் கதையின் முடிவை என்னிடம் சொல்லாமல் இருந்தவன் என் நண்பன், மண்ணுக்குள்ளிருந்து ஸ்பைடர்மேன் எழுந்து வரும் இரவை நான் அதனால்தான் முழுதாகப் படித்தேன்.