பிரஷர் நோட்டு: வீட்டில் ஏழு நாள் அளந்து டாக்டரிடம் கொண்டுபோவது எப்படி?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை தரும் நாளில் கூட்டம் எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். வரிசையில் நின்று, வியர்த்து, உட்கார்ந்த உடனே பட்டையைச் சுற்றினால் வருகிற ஒற்றை எண்ணை வைத்து டாக்டர் எதை முடிவு செய்வார்? வீட்டில் ஒரு வாரம் அளந்து எழுதிய நோட்டு கையில் இருந்தால் பேச்சே வேறு. அம்மாவுக்காக நான் பழகியது இது.

1. மெஷின்

மேற்கையில் சுற்றும் டிஜிட்டல் மெஷின் போதும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். விலையைப் பார்க்கிற நாம் பட்டையின் அளவைப் பார்ப்பதில்லை. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். எத்தனை சென்டிமீட்டர் கைக்கு என்று பட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். டேப்பால் கையை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

2. உட்காருவது

பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். முதல் நாள், குடத்தை இறக்கி வைத்த கையோடு அம்மாவுக்குப் பார்த்தோம்: 164/96. வீடே பதறியது. ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்து மறுபடி பார்த்தால் 142/86.

அளப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, பீடி, புகையிலை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். சாய்மானமுள்ள நாற்காலி, பாதம் இரண்டும் தரையில், கால்மேல் கால் வேண்டாம். கையை மேசைமேல் வைத்தால் பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி ஏற்றாதீர்கள், அதுவே கயிறு மாதிரி இறுக்கும். மெஷின் ஓடும்போது பேச்சும் கூடாது. (அம்மாவுக்கு இதுதான் கஷ்டம்.)

3. எழுதுவது

காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன், அப்புறம் இரவில். ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. இரண்டையும் எழுதுங்கள், நல்ல எண்ணை மட்டும் பொறுக்காதீர்கள். ஓரத்தில் ஒரு வார்த்தை போதும்: "தூக்கமில்லை", "மாத்திரை மறந்தது", "கல்யாணச் சாப்பாடு".

180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், கைகால் தளர்ச்சி இருந்தால் நோட்டை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள்.

4. கணக்கு

முதல் நாளை அடித்துவிடுங்கள். மீதி ஆறு நாளில் 24 அளவுகள். மேல் எண்களைக் கூட்டி 24-ஆல் வகுக்க வேண்டும், கீழ் எண்களுக்கும் அப்படியே. பிரஷர் அதிகம் என்று சொல்ல ஆஸ்பத்திரியில் 140/90 கோடு என்றால் வீட்டுச் சராசரிக்கு 135/85.

5. ஒரே ஒரு மாற்றம்

உப்பு, நடை, எடை, புகை எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை ஆரம்பித்தால் புதன்கிழமை நின்றுவிடும். ஒன்றை எடுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். அம்மா விட்டது ஊறுகாயை. அப்பளத்தை விடமாட்டேன் என்றார், சரி என்றேன்.

6. டாக்டரிடம்

சராசரியை முதலில் சொல்லுங்கள், பிறகு நோட்டை நீட்டுங்கள். கால் வீக்கம், தலைசுற்றல், விட்டுப்போன மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம். எண் இறங்கிவிட்டது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது, அது இறங்கியதே மாத்திரையால் இருக்கலாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது என்றால், கொண்டுவரும் தன்னார்வலரிடமும் அதே நோட்டைக் காட்டுங்கள். மாத்திரை தீரும் தேதியை அட்டையிலேயே வட்டமிட்டு வையுங்கள்.