துருப்பிடித்த எம்.ஜி.பி.: கதவடியிலிருந்து தொடங்குங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்களில் பலர் முதல் வார இறுதியிலேயே கழற்றக்கூடிய எல்லாவற்றையும் கழற்றிவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஞாயிறு மாலை பார்த்தால் கராஜ் முழுக்க டப்பா டப்பாவாக நட்டும் போல்ட்டும், நடுவில் ஓர் எலும்புக்கூடு. எது எங்கிருந்து வந்தது என்பது திங்கள் காலையிலேயே மறந்துபோயிருந்தது. கை நிறைய உதிரிப் பாகங்களுடன் பாதியில் விற்கப்படும் கார்களைக் காணும்போதெல்லாம் அந்த ஞாயிறு நினைவுக்கு வரும்.

ஆகவே இங்கே நான் சொல்லப்போவது ஒரே ஒரு வேலையை: காரின் ஒரு பக்கத்துக் கதவடியைத் துரு நீக்கிப் புதுப்பிப்பது. அது சரியாகும்வரை என்ஜினைத் தொட வேண்டாம்.

எடுத்துக்காட்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், அதாவது நிலையான கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் கார். (எம்.ஜி. என்பது மோரிஸ் கராஜஸ், எம்.ஜி.ஆருக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் எல்லா வகை எம்.ஜி.பி.யும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1798 சி.சி. என்ஜின், சிக்கலற்ற அமைப்பு. உடல் தகடுகளில் இருந்து முழுப் புது உடல்வரை இன்றும் வாங்கக் கிடைக்கின்றன. புதிதாக இறங்குபவருக்கு இதைவிட இரக்கமுள்ள கார் குறைவு.

ஆனால் இதற்குத் தனிச் சேசிஸ் (பாரம் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. உடல்தான் சேசிஸ். கூரையும் இல்லாததால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே பாரத்தைப் பெரும்பகுதி தாங்குவது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி. ஆங்கிலத்தில் சில் என்பார்கள். தமிழில் எழுதினால் ‘சில’ என்று கண் படித்துவிடுகிறது. கதவடிப் பெட்டி என்றே எழுதுகிறேன். வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு என்று மூன்று அடுக்கு. உள்ளே அடியில் காசில் ரெயில் என்ற ஒரு மடிப்புத் தகடு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் கோட்டை மதில்போலத் தெரியும். முன்சக்கரம் வாரியடிக்கும் சேறும், குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பும் மட்கார்டின் பின்பக்கம் போய்த் தங்கி, அங்கிருந்து இந்தப் பெட்டியைத் தின்னத் தொடங்கும்.

1. நோய் பார்த்தல்

துரு உள்ளிருந்து வெளியே வருவது. வண்ணத்தில் மிளகளவு ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பைவிடத் துரு அதிக இடம் பிடிக்கும். ஒட்டியிருக்கும் இரண்டு தகடுகளுக்கிடையே அது ஊறும்போது ஆப்பு இறக்கியதுபோல் அவற்றைப் பிளந்துவிடும். மூட்டு விரல் பருமனுக்கு வீங்கியிருந்தால் காரணம் அதுதான்.

மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவடி நெடுக நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பட்டி (பள்ளத்தை நிரப்பி மறைக்கும் பூச்சு) இருக்கிறது. பிறகு பழைய திருப்புளியால் அடிப்பக்கத்தை அழுத்திக் குத்துங்கள். நல்ல தகடு ‘டங்’ என்னும், அழுகியது ‘சொத்’ என்னும். கம்பளத்தைத் தூக்கி உள்ளேயும் பாருங்கள். இருக்கைக்குப் பின்னாலுள்ள பேட்டரிப் பெட்டி, பின்ஸ்பிரிங் மாட்டும் இடம் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

என் காரின் கதவடி பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. அரைத்துப் பார்த்தபோது பழைய அழுகல் தகட்டின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பூசி, வண்ணம் அடித்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த வேலை. இப்படிப் போர்த்திய தகட்டைக் கண்டால் தயங்காமல் முழுவதும் வெட்டியெடுக்க வேண்டும்.

கடைசியாகக் கதவைப் பாருங்கள். கதவுக்கும் பின்தூணுக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒன்றுபோல் இருக்கிறதா? மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் கார் நடுவில் தொய்ந்துவிட்டது. இந்த வேலை முழுவதற்கும் உங்கள் அளவுகோல் இந்தக் கதவுதான்.

2. கருவியும் காப்பும்

ஸ்பேனர் வாங்கும்போது கவனம்: இந்தக் காரின் போல்ட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம், 7/16, 9/16 ஆகியவைதான் அதிகம் தேவைப்படும். மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து முறுக்கினால் போல்ட் தலை உருண்டுவிடும்.

வெல்டிங்குக்கு வாயு இணைத்த ‘மிக்’ (MIG, கம்பியைத் தானே ஊட்டும் மின்வெல்டிங்) இயந்திரம், 0.6 மி.மீ. கம்பி, ஆர்கான் கலந்த வாயு. வாயு தேவைப்படாத மலிவான இயந்திரம் தடித்த இரும்புக்குச் சரி, ஒரு மி.மீ. தகட்டில் ஓட்டை போடத்தான் உதவும். காரில் கைவைக்கும் முன் அதே கனமுள்ள துண்டுத் தகடுகளில் இரண்டு வாரம் பழகுங்கள். பற்றவைத்த துண்டைப் பிடிப்பானில் வைத்து வளையுங்கள். மூட்டு விட்டுக்கொள்ளாமல் தகடு கிழிந்தால் தேறிவிட்டீர்கள்.

பாதுகாப்பில் சிக்கனம் கூடாது. பெட்ரோல் தொட்டியைக் கழற்றி வீட்டுக்கு வெளியே வையுங்கள். பேட்டரி இணைப்பைத் துண்டியுங்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கலாம், பிரேக்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள், காற்றடித்துத் தூசு பறக்கவிடாதீர்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். அந்தக் குப்பி கராஜிலேயே இருக்க வேண்டாம். வேலை முடித்தபின் ஒரு மணி நேரமாவது அங்கேயே இருங்கள். கம்பளத்தின் ஓரத்தில் கனன்றுகொண்டிருக்கும் பொறி நீங்கள் சாப்பிடப் போனபிறகுதான் எரியத் தொடங்கும்.

3. வெட்டும் முன் முட்டுக் கொடுத்தல்

இந்தப் படியைத் தாவினால் கார் வாழைப்பழம்போல் வளைந்துவிடும். அதே நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்தால் வளைவு நிரந்தரமாகிவிடும்.

காரைச் சமதளத்தில் ஸ்டாண்டுகள்மேல் நிறுத்துங்கள். சக்கரத்தில் நிற்பதுபோலவே பாரம் இறங்க வேண்டும். எனவே முன்னால் குறுக்குச் சட்டத்தின் கீழும் பின்னால் ஆக்சிலின் கீழும் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் தலையை நீட்டாதீர்கள். இடமும் வலமும் ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள்.

பிறகு 25 மி.மீ. சதுரக் குழாயைக் கதவின் முன்தூணிலிருந்து பின்தூணுக்கு உட்பக்கமாகக் கட்டுங்கள். ஒன்று மேலே, ஒன்று குறுக்கே சாய்வாக. உட்பக்கம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், குழாய் இருக்கும்போதே கதவை மாட்டிக் கழற்ற முடிய வேண்டும். முட்டுக் கொடுத்த பிறகு கதவு இடைவெளியை நான்கு இடங்களில் அளந்து சுவரில் எழுதிவையுங்கள். காகிதம் தொலைந்துபோகும்.

4. வெட்டுதல்

ஒரு பக்கம் மட்டும். இது முழுதாக முடியும்வரை அடுத்த பக்கத்தில் கிரைண்டர் படக் கூடாது.

முன் மட்கார்டு போல்ட்டில்தான் நிற்கிறது; ஆனால் ஐம்பது ஆண்டுத் துரு அதை எளிதில் விடாது. ஊடுருவும் எண்ணெயைத் தினமும் ஒருமுறை என மூன்று நாள் அடியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சூடாக்குங்கள். பின் மட்கார்டு பற்றவைக்கப்பட்டது. கதவடியின் வெளித் தகடு அதன் உள்ளேயும் நீள்வதால் கீழ்ப்பகுதியைச் சிறிது வெட்டத்தான் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நீளத்தை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

தொழிற்சாலையில் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த ஸ்பாட் வெல்டுகளை அதற்கென உள்ள துளைக்கருவியால் எடுங்கள். மேல்தகடு மட்டும் கழன்று அடித்தகடு தப்ப வேண்டும். நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டுங்கள். ‘இந்த ஓரம் பரவாயில்லை’ என்று மனம் சொல்லும் இடத்தில் இன்னும் ஒரு அங்குலம் சேர்த்து வெட்டுங்கள்; துருவேறி மெலிந்த தகட்டில் வெல்டிங் நிற்காது, உருகி ஓடும்.

5. பற்றவைத்தல்

வரிசை: காசில் ரெயில், உள் தகடு, தளத்தின் ஓரம், நடுத் தகடு, கடைசியில் வெளித் தகடு. ஒவ்வொன்றையும் முதலில் கிளாம்பால் பிடித்து, கதவை மாட்டி, சுவரிலுள்ள அளவோடு ஒப்பிட்டு, பிறகுதான் பற்றவைக்க வேண்டும். கதவு கனமானது. அதை நான் மாட்டிக் கழற்றியது பதினேழு முறை. முதுகு இன்னும் மறக்கவில்லை.

மூடிப்போகும் பரப்புகளில் துத்தநாகப் பிரைமர் அடியுங்கள். ஸ்பாட் வெல்டுக்குப் பதிலாக மேல்தகட்டில் 6 மி.மீ. துளைகள் இட்டு அவற்றை வெல்டிங்கால் நிரப்புங்கள். ஓரிடத்தில் தொடர்ந்து சூடேற்றினால் தகடு நெளியும். இங்கே ஒரு புள்ளி, ஒரு முழம் தள்ளி இன்னொன்று என்று மாறி மாறிப் போங்கள்.

பிரிட்டனில் நாற்பது ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு 2018 முதல் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. உங்கள் வெல்டிங்கை யாரும் சுத்தியலால் தட்டிப் பார்க்கப்போவதில்லை. அதனாலேயே நான் வலியப் போய்ச் சோதனைக்கு விட்டேன்.

6. சிறு பாகங்கள்

வெல்டிங் வாயு தீர்ந்து உட்கார்ந்திருக்கும் நாட்களுக்கு இந்த வேலை. கீல், பிடிமானத் தகடு போன்றவற்றின் துருவை மின்சாரத்தால் நீக்கலாம். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனை துருப்பிடித்த பாகத்தில், நேர்முனை வேண்டாத இரும்புத் துண்டில். எவர்சில்வர் துண்டைப் பயன்படுத்தாதீர்கள். நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். உப்பும் போடாதீர்கள். ஹைட்ரஜன் வெளியாகும் என்பதால் திறந்தவெளியில் வையுங்கள். பழைய வகைச் சார்ஜர்தான் உதவும். புதியவை பேட்டரி இல்லை என்று கண்டு அணைந்துவிடும். ஸ்பிரிங்குகளை இதில் இட வேண்டாம், உறுதி இழக்கும்.

7. மூடுதல்

அரைத்துச் சமன்செய்த தகட்டுக்கு அன்றைக்கே எபாக்சி பிரைமர். சாதாரணப் பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். அதோடு மாதக்கணக்கில் விட்டால் மறுபடி துருதான். மூட்டுகளில் சீலர் இழுங்கள். ஐசோசயனேட் கலந்த இரட்டைக் கலவை வண்ணத்தைத் தனிக் காற்றிணைப்பு முகமூடி இல்லாமல் வீட்டில் அடிக்காதீர்கள். அந்த வேலையை வண்ணம் அடிக்கும் பட்டறைக்கே விட்டுவிடலாம்.

வண்ணம் காய்ந்தபின் கதவடிப் பெட்டிக்குள் நீள்குழாய் விட்டு மெழுகு தெளியுங்கள். அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபட்டால் பெட்டி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். தெளித்ததும் கம்பியால் குத்தி விடுங்கள். இரண்டு நாள் சொட்டும். கீழே அட்டை விரித்து, முட்டுக் குழாயை அவிழ்த்து, கதவு இடைவெளியை இன்னொரு முறை அளந்து பாருங்கள். எண்கள் சுவரோடு பொருந்தினால் குழாயை மறுபக்கத்துக்கு மாற்றுங்கள்.