மருந்து ட்ரையல்ல பாதியில நின்னவங்கள கணக்குல எப்படி சேக்குறது?

மாத்திரைய ஒழுங்கா சாப்பிடாதவங்க, பாதியில வராம போனவங்க, இவங்கள தூக்கிட்டு மிச்சப் பேர மட்டும் கம்பேர் பண்ணா என்னன்னு புதுசா அனாலிசிஸ் படிக்கிற எல்லாருக்கும் தோணும். பண்ணிறாதீங்க.

அமெரிக்காவுல கரோனரி டிரக் ப்ராஜெக்ட்னு ஒரு ட்ரையல், 1980ல இத அழகா காட்டுனாங்க. கொழுப்பக் குறைக்கிற குளோஃபைப்ரேட் மாத்திரைய 80 சதவீதமாச்சும் சாப்பிட்டவங்கள்ல 5 வருசத்துல இறந்தது 15 சதவீதம், சாப்பிடாதவங்கள்ல கிட்டத்தட்ட 25. மருந்து கேக்குதுன்னுதான நெனைப்போம்? ஆனா மருந்தே இல்லாத பிளசிபோவ ஒழுங்கா சாப்பிட்டவங்கள்லயும் 15தான், சாப்பிடாதவங்கள்ல 28! சொன்னபடி மாத்திரை சாப்பிடுற ஆளுக்கும் சாப்பிடாத ஆளுக்கும் வேற எத்தனையோ வித்தியாசம் இருக்கு, அதத்தான் அந்த நம்பர் காட்டுது.

ஸ்டெப் 1: யாருக்கு புது மருந்து, யாருக்கு இல்லன்னு குலுக்கல் போட்டுத்தான் பிரிப்பாங்க. ஒருத்தர குலுக்கல்ல விழுந்த குரூப்லயே கடைசி வரைக்கும் வைங்க. நம்ம மதுரை பெரியாஸ்பத்திரியில ஒரு சுகர் மாத்திரை ட்ரையல் நடக்குதுன்னு வச்சுக்குவோம். உசிலம்பட்டிக்காரர் ஒருத்தர் வயித்தப் பெரட்டுதுன்னு ஒரே மாசத்துல நிப்பாட்டிட்டாரு, அப்பவும் அவரு புது மருந்து குரூப்தான். இதுதான் இன்டென்ஷன் டு ட்ரீட்.

ஸ்டெப் 2: மாத்திரைய நிப்பாட்டுறது வேற, ட்ரையல விட்டே போறது வேற. நிப்பாட்டுனவரு சம்மதிச்சா தொடர்ந்து போன் போட்டு வரச்சொல்லி சுகர் டெஸ்ட் எடுங்க, எந்த சாஃப்ட்வேரும் அந்த ஒரு ரீடிங்குக்கு ஈடாகாது. காரணத்தையும் எழுதுங்க. சித்திரைத் திருவிழாவுக்குப் போனதால ஒரு விசிட் தவறுனதும் வாந்தி தாங்காம வராததும் ஒண்ணில்ல, ரெண்டுக்கும் "வரவில்லை"ன்னு மட்டும் போட்டா பின்னாடி ஒண்ணும் பண்ண முடியாது.

ஸ்டெப் 3: அப்படியும் விட்டுப்போன ரீடிங்க, கடைசியா வந்தத அப்படியே காப்பி பண்ணி நிரப்பாதீங்க. மல்டிபிள் இம்ப்யூட்டேஷன் போடுங்க, அதாவது இருக்க டேட்டாவ வச்சு விட்டுப்போனத பல தடவ கணிச்சு நிரப்பி, எல்லா விடையையும் சேக்குறது. ஆர் (R) சாஃப்ட்வேர்ல இதுக்கு மைஸ் (mice) பேக்கேஜ் இருக்கு. அது, வராம போனதுக்கான காரணம் கையில இருக்க டேட்டாவுலயே தெரியுதுன்னு நம்பித்தான் நிரப்பும். அந்த நம்பிக்கைய கட்டாயம் சோதிங்க: புது மருந்து குரூப்ல விட்டுப்போனவங்களுக்கு நிரப்புன சுகர் நம்பர கணக்குல மட்டும் கொஞ்சங் கொஞ்சமா மோசமாக்கிப் பாருங்க, எங்க போய் ரிசல்ட் கவுறுதுன்னு அப்படியே ரிப்போர்ட்ல போடுங்க.

ஸ்டெப் 4: "உண்மையிலயே சாப்பிட்டா எவ்வளவு குறையும்?"னு டாக்டர் கேப்பாரு. புது மருந்து குரூப் மொத்தத்துல ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர காட்டுற டெஸ்ட்) இன்னொரு குரூப்ப விட 0.6 கூடுதலா குறைஞ்சிருக்கு, 75 சதவீதம் பேருதான் சாப்பிட்டாங்க, இன்னொரு குரூப்புக்கு அந்த மருந்து கிடைக்கவே இல்லைன்னா 0.6 வகுத்தல் 0.75, அதாவது 0.8. சாப்பிடாதவங்களுக்கு மருந்தால எந்த மாற்றமும் இல்லைங்கிறப்பதான் இது செல்லும், பாதி மாத்திரை சாப்பிட்டவங்க நெறய இருந்தா இந்த வகுத்தல் ஒத்துவராது.